கிட்னி நோயாளிக்கு வைட்டமின் டி, ரத்தக்குழாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். சிறுநீரக டாக்டரைப் பார்த்துவிட்டும் டயாலிசிஸ் முடித்துவிட்டும் சீட்டோடு வருகிறவர்கள் நிறைய. அம்பாசமுத்திரம், ஆலங்குளம், வள்ளியூர் என்று எங்கிருந்து வந்தாலும், சீட்டில் வைட்டமின் டி இருந்தால் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். பஸ்ஸுக்கு நேரமாகும் அவசரத்தில் பாதிதான் சொல்ல முடிகிறது. அதனால் முழுதாக எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. மருந்தின் அளவை முடிவு செய்வது உங்கள் டாக்டர்தான். இதைப் படித்துவிட்டு நீங்களாக எதையும் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

1. அண்ணாச்சி, விட்டமின் டி எலும்புக்குள்ளது தான? கிட்னிக்காரங்களுக்கு எதுக்கு எழுதுதாங்க?

எலும்புக்குள்ளதுதான். ஆனால் அதை வேலை செய்யும் நிலைக்குக் கொண்டுவருவது சிறுநீரகம். வெயில் பட்டுத் தோலில் உருவாகும் வைட்டமின் டி முதலில் கல்லீரலுக்குப் போய் ஒரு மாற்றம் அடைகிறது. அது சேமிப்பு நிலை. அப்புறம் சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம் அடைந்து கால்சிட்ரியால் என்ற ஹார்மோனாகிறது. உணவிலுள்ள கால்சியத்தையும் பாஸ்பரஸையும் குடலில் உறிஞ்ச வைப்பதும், கழுத்திலிருக்கும் பாராதைராய்டு சுரப்பியை அடக்கி வைப்பதும் இந்தக் கால்சிட்ரியால்தான்.

சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியதும் பாஸ்பரஸ் முழுதாக வெளியேறுவதில்லை. அதை எப்படியாவது சிறுநீரில் தள்ள, எலும்பு எஃப்.ஜி.எஃப்-23 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அதே ஹார்மோன் கால்சிட்ரியால் உற்பத்தியையும் குறைத்துவிடுகிறது. கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றவேண்டிய ஒரு கழிவு) பயமுறுத்தும் அளவுக்கு ஏறுவதற்கு வெகு முன்பே இது ஆரம்பமாகிறது. கால்சிட்ரியால் குறைந்தால் பாராதைராய்டு ஹார்மோன், அதாவது பிடிஹெச், ஏறும். அது எலும்பிலிருந்து கால்சியத்தையும் பாஸ்பரஸையும் உருவி ரத்தத்தில் விடும். ரத்தத்தில் சேர்வது ரத்தக்குழாய்ச் சுவரில் போய்த் தங்கும். எலும்பு மருந்து என்று நீங்கள் நினைப்பது இதயத்துக்கும் சம்பந்தப்பட்டதாவது இந்த வழியில்தான்.

2. நாங்க நாள் பூரா வயக்காட்டு வெயில்லதான் கெடக்கோம். எங்களுக்கு எப்படி விட்டமின் டி குறையும்?

நியாயமான கேள்வி. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது டிகிரிக்குள் இருக்கும் ஊர் நம்முடையது. வருஷம் முழுக்க வெயில் உண்டு. ஆனால் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர் காலை பத்து மணியிலிருந்து மாலை மூன்று மணி வரைதான் நன்றாக இறங்கும். வயல்வேலை பெரும்பாலும் விடிகாலையிலும் சாயங்காலமும். உச்சி வெயிலில் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. கருத்த தோலுக்கு அதே அளவு வைட்டமின் டி உண்டாக்கக் கூடுதல் நேரம் வெயில் வேண்டும். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் பகல் முழுக்க நிழலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் இந்தக் கதிர் கிடையாது.

கிட்னி நோய் வந்தபின் வெளியே போவதே குறைந்துவிடுகிறது. சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு, வைட்டமின் டி-யைச் சுமந்து செல்லும் புரதமும் சேர்ந்து போய்விடுகிறது. முடிந்தால் கை, முகத்தில் கொஞ்ச நேரம் வெயில் படட்டும், நல்லதுதான். ஆனால் டயாலிசிஸ் செய்கிறவர்கள் உச்சி வெயிலில் நின்று தாகமெடுத்துத் தண்ணீர் அளவை மீறிவிடக்கூடாது. இன்னொன்று, வெயில் எவ்வளவு பட்டாலும் சிறுநீரகம் செய்யவேண்டிய கடைசி மாற்றத்தை அது செய்து தராது.

3. வாரம் ஒருக்கா 60,000 ஒண்ணு, தினமும் 0.25 ஒண்ணு. ரெண்டும் விட்டமின் டி-ங்கீய. ஒண்ணு போதாதா?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். இரண்டும் ஒரு குடும்பம், ஆனால் வேறு வேறு மருந்து.

60,000 யூனிட் என்பது கொலிகால்சிஃபெரால். தோலில் உண்டாகும் அதே பொருள். 40 யூனிட் ஒரு மைக்ரோகிராம் என்ற கணக்கில் 60,000 யூனிட் 1.5 மில்லிகிராம். இது உடம்புக் கொழுப்பில் சேர்ந்து மாதக்கணக்கில் இருக்கும். கல்லீரலும் சிறுநீரகமும் மாற்றிக் கொடுத்தால்தான் வேலை செய்யும். 0.25 என்பது பெரும்பாலும் கால்சிட்ரியால் அல்லது ஆல்ஃபாகால்சிடால், மைக்ரோகிராம் அளவில். கால்சிட்ரியால் முழுதாகத் தயாரான ஹார்மோன்; சிறுநீரகத்தின் உதவி தேவையில்லை. ஆல்ஃபாகால்சிடாலுக்குக் கல்லீரல் மட்டும் போதும். இதே வரிசையில் பாரிகால்சிட்டால் என்று ஒன்று உண்டு. பிடிஹெச்சை அடக்கவேண்டும், கால்சியத்தை அவ்வளவாக ஏற்றக்கூடாது என்ற நோக்கத்தில் மாற்றி அமைக்கப்பட்டது.

எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். 0.25 சின்னதாகத் தெரிகிறது, ஆனால் கால்சியத்தை நாள் கணக்கில் ஏற்றிவிடும் சக்தி அதற்குத்தான். நிறுத்தினால் சில நாளில் அதன் வேகம் அடங்கிவிடும். 60,000 மெதுவாக ஏறும், ஏறினால் மெதுவாகத்தான் இறங்கும். ஒன்று காலியான சேமிப்பை நிரப்புவதற்கு, மற்றது பிடிஹெச்சை அடக்குவதற்கு. சிலருக்கு ஒன்று போதும், சிலருக்கு இரண்டும் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சீட்டைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

4. அட்டையில நாலு இருந்துச்சு. தினம் ஒண்ணுன்னு நெனச்சு எங்க ஆச்சி நாலு நாள்ல சாப்பிட்டுட்டாவ. பயமா இருக்கு, என்ன செய்ய?

நாலு மாத்திரையோடு உடனே பெரிய ஆபத்து வருவது அரிது. ஆனால் கிட்னி நோயாளி என்றால், கூடவே 0.25-ம் கால்சியம் மாத்திரையும் எடுப்பவர் என்றால், அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொல்வார். அடுத்த அட்டையைத் தொட வேண்டாம். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், அளவுக்கு மீறிய அசதி, ஆள் குழம்பிப் பேசுவது: இவற்றில் எது வந்தாலும் போனில் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

இந்தத் தவறு மாதக்கணக்கில் தொடரும்போதுதான் உண்மையான விபரீதம். கடையில் அட்டையின் பின்பக்கம் கிழமையை எழுதிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டால் வீட்டில் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். கை கால் வலி என்று போய் 6 லட்சம் யூனிட் ஊசி போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அதைச் சிறுநீரக டாக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். அது மாதக்கணக்கில் உடம்பில் இருக்கும்.

5. ரத்தக்குழாய்ல கால்சியம் படிஞ்சிருக்குன்னு சொன்னாங்க. நம்ம ஊரு உப்புத்தண்ணி குழாயில படியுத மாதிரியா?

ராதாபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் கேட்டது. பார்க்க அப்படித்தான் தோன்றும், நடப்பது வேறு. ரத்தக்குழாய்ச் சுவர் உயிருள்ளது. அதன் நடு அடுக்கில் தசைச் செல்கள் இருக்கின்றன. ரத்தத்தில் பாஸ்பரஸ் நீண்டநாள் அதிகமாக இருந்தால் இந்தச் செல்கள் குணம் மாறி, எலும்புச் செல்கள் செய்யும் வேலையைச் செய்யத் தொடங்குகின்றன. அவையே ஒரு படுகையை உண்டாக்கி, அதில் கால்சியமும் பாஸ்பரஸும் படிகமாகச் சேர்கின்றன. இதைத் தடுக்க ஃபெட்டூயின்-ஏ போன்ற புரதங்களை உடம்பே வைத்திருக்கிறது. சிறுநீரக நோயில் அந்தத் தடுப்பும் பலவீனமாகிவிடுகிறது. முப்பது வயது டயாலிசிஸ் நோயாளிக்கு எழுபது வயதுக்காரரின் ரத்தக்குழாய் இருப்பதற்கு இதுவே காரணம்.

6. அப்போ மாரடைப்புக்குக் காரணமான கொழுப்பு அடைப்பும் இதுவும் ஒண்ணா?

இல்லை. கொழுப்பு அடைப்பு உள் அடுக்கில், ஆங்காங்கே. இது நடு அடுக்கில், நீளமாக. கொழுப்பு அடைப்பு பாதையைக் குறுக்கும்; இது குழாயை விறைக்க வைக்கும். விறைத்த குழாய் இதயத் துடிப்புக்கு விரிந்து கொடுக்காது. அதனால் மேல் பிரஷர் ஏறி, கீழ் பிரஷர் இறங்கி, இரண்டுக்கும் இடைவெளி அகலமாகும். இதயம் முக்கித் தள்ளித் தள்ளி அதன் சுவர் தடிக்கும். கையில் டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைக்கும் இணைப்பு) வைப்பதும் கஷ்டமாகும். கிட்னி நோயாளிக்கு, குறிப்பாகச் சர்க்கரையும் இருந்தால், இரண்டு வகையும் சேர்ந்தே வரலாம். கொழுப்பு மாத்திரை முதல் வகைக்கு உதவும், இரண்டாவதைக் கரைக்காது.

7. கால்சியம்தான படியுது? கால்சியத்தையும் விட்டமின் டி-யையும் அடியோட நிறுத்திட்டா சரியாயிரும்லா?

நிறுத்தினால் பிடிஹெச் எகிறும். எலும்பு கரைந்து அதிலுள்ள கால்சியமும் பாஸ்பரஸும் ரத்தத்துக்குத்தான் வரும், கடைசியில் போகிற இடம் அதே ரத்தக்குழாய். கால்சியம் ரொம்பக் குறைந்தால் கை கால் இழுத்துக்கொள்ளும், இதயத் துடிப்பின் ஒழுங்கும் கெடும்.

கால்சியத்தைவிடப் பாஸ்பரஸைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். பாஸ்பரஸ் 7 என்று இருக்கும்போது கால்சிட்ரியாலை ஏற்றினால், அது குடலிலிருந்து இன்னும் பாஸ்பரஸை இழுத்துக் கொடுக்கும். அதனால் டாக்டர் சில நேரம் 0.25-ஐக் குறைத்தோ நிறுத்தியோ வைத்து, முதலில் பாஸ்பரஸை இறக்கப் பார்ப்பார். போன மாதம் தந்ததை இந்த மாதம் நிறுத்திவிட்டார் என்று வருத்தப்பட வேண்டாம். ரிப்போர்ட் மாறினால் சீட்டும் மாறவேண்டும்.

8. யூடியூப்ல விட்டமின் டி சாப்பிட்டா ரத்தக்குழாய் இளகும், ஹார்ட் அட்டாக் வராதுன்னு சொல்லுதாங்களே?

அந்த நம்பிக்கை ஆதாரமில்லாமல் வந்ததில்லை. 2003-ல் அமெரிக்காவில் 67,000-க்கும் அதிகமான டயாலிசிஸ் நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, பாரிகால்சிட்டால் பெற்றவர்கள் கால்சிட்ரியால் பெற்றவர்களைவிட அதிக காலம் உயிரோடிருந்தார்கள். வைட்டமின் டி குறைவாக உள்ளவர்களுக்கு இதய நோய் அதிகம் என்பதையும் பல ஆய்வுகள் காட்டின. ஆனால் பதிவேட்டில் தெரிவது வேறு, மருந்தையும் வெறும் மாத்திரையையும் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் பிரித்துக் கொடுத்துப் பார்ப்பது வேறு. நடமாடித் திரிபவருக்கு வைட்டமின் டி கூடுதலாகவும், படுக்கையில் கிடப்பவருக்குக் குறைவாகவும் இருக்கலாம் அல்லவா? குறைவு நோயின் காரணமா, நோயின் விளைவா என்று பதிவேடு சொல்லாது.

பிரித்துக் கொடுத்துப் பார்த்தபோது வந்த விடை ஏமாற்றம்தான். பிரைமோ ஆய்வு 2012-ல் வெளியானது: 227 சிறுநீரக நோயாளிகள், 48 வாரம் பாரிகால்சிட்டால். தடித்த இதயச் சுவர் குறையவில்லை, ரத்தத்தில் கால்சியம் ஏறியவர்கள் மருந்துப் பக்கம் அதிகம். 2014-ல் ஹாங்காங்கில் நடந்த ஓபெரா ஆய்விலும் இதயச் சுவரில் மாற்றமில்லை, பிடிஹெச் மட்டும் இறங்கியது. 2018-ல் ஜப்பானின் ஜே-டேவிட்: 976 டயாலிசிஸ் நோயாளிகள், தினமும் 0.5 மைக்ரோகிராம் ஆல்ஃபாகால்சிடால், சுமார் நான்கு வருஷம். மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை குறையவில்லை. அதில் சேர்க்கப்பட்டவர்கள் பிடிஹெச் அதிகம் ஏறாதவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தேவையில்லாதவருக்கு இதயப் பாதுகாப்புக்கு என்று ஆல்ஃபாகால்சிடால் கொடுப்பதில் பயனில்லை என்றே அந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. நம் நாட்டில் சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனை மருத்துவர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்தமானது. சர்க்கரை நோய் இல்லாத, (மொத்தம் ஐந்து நிலைகளில்) மூன்றாம் நான்காம் நிலை சிறுநீரக நோயுள்ள, வைட்டமின் டி குறைவான 120 பேர். பாதிப் பேருக்கு 3 லட்சம் யூனிட் கொலிகால்சிஃபெரால், எட்டு வாரம் கழித்து இன்னொரு 3 லட்சம். பதினாறாவது வாரம் பார்த்தபோது, கை ரத்தக்குழாய் விரிந்து கொடுக்கும் தன்மை மருந்து பெற்றவர்களுக்கு நன்றாகக் கூடியிருந்தது. நல்ல செய்திதான். ஆனால் பதினாறு வாரத்தில் குழாய் விரிவது ஒன்று, பத்து வருஷத்தில் மாரடைப்பு குறைவது இன்னொன்று. இரண்டாவதை யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை.

9. அந்த ஆய்வுல 3 லட்சம் குடுத்தாங்கல்லா? அப்போ நானும் அஞ்சு பாக்கெட் மொத்தமா போட்டுக்கட்டா?

வேண்டாம். அவர்கள் குறைவு உறுதியானவர்களாகப் பார்த்துச் சேர்த்தார்கள், கால்சியத்தையும் பிடிஹெச்சையும் கண்காணித்துக்கொண்டே கொடுத்தார்கள். நீங்கள் கூடவே 0.25-ம் கால்சியமும் எடுக்கிறீர்கள். எலிகளில் செய்த சோதனைகளில், கால்சிட்ரியால் வகை மருந்துகள் சிறிய அளவில் ரத்தக்குழாயைக் காத்தன, பெரிய அளவில் அதே மருந்து அதில் கால்சியத்தைப் படிய வைத்தது. எவ்வளவு கொடுக்கிறோம் என்பதுதான் இங்கே எல்லாமே.

10. ரிப்போர்ட்ல எதையெல்லாம் பாக்கணும்? எத்தன மாசத்துக்கு ஒருக்கா எடுக்கணும்?

நாலு எண். முதலாவது 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி. 20-க்குக் கீழே என்றால் குறைவு. லேபில் இந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்; 1,25 என்று தொடங்கும் வேறொரு பரிசோதனை உண்டு, சேமிப்பை அளக்க அது உதவாது. மருந்து தொடங்கி ஏறக்குறைய மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் போதும், மாதாமாதம் அதற்குச் செலவழிக்க வேண்டாம். இரண்டாவது கால்சியம், பொதுவாக 8.5-லிருந்து 10.5 வரை. அல்புமின் என்ற ரத்தப் புரதம் குறைவாக இருந்தால் கால்சியமும் குறைவாகக் காட்டும், டாக்டர் அதைத் திருத்திக் கணக்கிடுவார். மூன்றாவது பாஸ்பரஸ், சாதாரணமாக 2.5-லிருந்து 4.5. நான்காவது பிடிஹெச்.

டயாலிசிஸில் இருப்பவர்களுக்குக் கால்சியமும் பாஸ்பரஸும் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிடிஹெச் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்பது வழக்கம். 0.25 புதிதாகத் தொடங்கினாலோ அளவு கூட்டினாலோ கால்சியத்தை இன்னும் சீக்கிரமாகப் பார்க்கவேண்டும். பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு எண்ணைவிட, அது எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் டாக்டருக்கு உதவும்.

11. பிடிஹெச் 65-க்குள்ள இருக்கணும்னு பேப்பர்ல போட்டிருக்கு. அத்தானுக்கு 300. டாக்டர் பரவாயில்லங்காவ. எப்படி?

அந்த 65 நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு. டயாலிசிஸில் இருப்பவருக்கு, லேப் சொல்லும் மேல் வரம்பைப்போல் இரண்டு மடங்கிலிருந்து ஒன்பது மடங்கு வரை ஏற்கலாம் என்று கேடிகோ என்ற பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டிக் குழு சொல்கிறது. அத்தானின் 300 அதற்குள்தான் வருகிறது. தொடர்ந்து ஏறிக்கொண்டே போகிறதா என்பதைத்தான் டாக்டர் பார்ப்பார்.

அதை 65-க்குக் கொண்டுவர 0.25-ஐக் கூட்டிக்கொண்டே போனால் எலும்பு தூங்கிப்போகும். கால்சியத்தை வாங்கி வைக்கவும் செய்யாது, கொடுக்கவும் செய்யாது. அப்படிப்பட்ட எலும்புள்ளவருக்குக் கொஞ்சம் கால்சியம் கூடினாலும் எலும்பு ஏற்காமல் ரத்தக்குழாய்க்குப் போய்விடும். அதிகமும் கெடுதல், அளவுக்கு மீறி அடக்குவதும் கெடுதல்.

12. கால்சியம் மாத்திரைய சோத்தோட போடச் சொல்லுதாங்க ஒருத்தர், வெறும் வயித்துல போடச் சொல்லுதாங்க இன்னொருத்தர். எது சரி?

எதற்காக எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கிட்னி நோயாளிக்குக் கால்சியம் கார்பனேட், கால்சியம் அசிட்டேட் எழுதுவது பெரும்பாலும் பாஸ்பரஸைப் பிடிக்க. சாப்பாட்டோடு போட்டால்தான் சோற்றிலும் பருப்பிலும் இருக்கும் பாஸ்பரஸை வயிற்றிலேயே பிடித்து மலத்தோடு வெளியே கொண்டுபோகும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை, அதிலுள்ள கால்சியம்தான் கூடுதலாக ரத்தத்துக்குப் போகும். கேள்வி 3-ல் சொன்ன கால்சிட்ரியாலும் உடன் இருந்தால் அது இன்னும் அதிகமாக உறிஞ்சப்படும். காலைச் சாப்பாட்டைத் தவறவிட்டால் அந்த வேளை மாத்திரையையும் விட்டுவிடலாமா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ரத்தக்குழாயில் படிவு உள்ளவர்களுக்கும் கால்சியம் ஏறியவர்களுக்கும் செவெலமர் போன்ற கால்சியம் இல்லாத மருந்து எழுதுவார்கள். விலை கூடுதல்தான். கட்டுப்படி ஆகவில்லை என்றால் பாதியாக வாங்கிப் போகாமல் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், வேறு வழி பார்ப்பார். இன்னொன்றையும் கவனியுங்கள். கடையில் சாதாரணமாக விற்கும் கால்சியம் மாத்திரைகள் பலவற்றில் வைட்டமின் டி-யும் கலந்திருக்கும். அட்டையைப் படித்துப் பார்த்து வாங்க வேண்டும்.

13. சாப்பாட்டுல எதக் குறைக்கணும்? பருப்பே கூடாதுங்காங்க.

பருப்பை அடியோடு விடவேண்டியதில்லை. பருப்பு, தானியங்களில் உள்ள பாஸ்பரஸ் உடம்புக்கு முழுதாக ஏறாது. கறி, மீன், பாலில் உள்ளது அதைவிட அதிகம் ஏறும். பாக்கெட் உணவில் சேர்க்கும் பாஸ்பேட் உப்பு ஏறக்குறைய முழுவதும் ஏறிவிடும். அதனால் நான் முதலில் நிறுத்தச் சொல்வது கருப்புக் கலரை. கோலா வகைப் பானங்களில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது. அப்புறம் பதப்படுத்திய இறைச்சி, பாக்கெட் சீஸ்.

எலும்புக்குப் பலம் என்று ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. பாசத்தோடு செய்வதுதான், ஆனால் டயாலிசிஸ் நோயாளிக்கு வேண்டாம். முள்ளோடு தின்னும் நெத்திலிக் கருவாட்டில் உப்பு, பாஸ்பரஸ், கால்சியம் மூன்றும் சேர்ந்தே வருகின்றன. புரதம் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதை உணவியல் நிபுணரிடம் கேளுங்கள்.

14. எங்க தாத்தா வெத்தல போடாம இருக்க மாட்டாவ. அதுல என்ன இருக்கு?

சுண்ணாம்பு இருக்கிறது. அது கால்சியம்தான், கூடவே காரத்தன்மை. நாள் முழுக்க வெற்றிலை போடுகிறவர்களுக்கு இதனாலேயே ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. கால்சிட்ரியால் எடுத்துக்கொண்டே வெற்றிலையும் போடுகிறவருக்குக் கால்சியம் காரணம் தெரியாமல் ஏறினால், டாக்டருக்கு வெற்றிலை ஞாபகத்துக்கு வராது. நீங்கள்தான் சொல்லவேண்டும். பாக்கு, புகையிலையை விடவேண்டியதற்கு வாய்ப்புற்றுநோய் என்ற தனிக் காரணமும் இருக்கிறது.

பதநீரும் இதே கணக்கு. புளிக்காமலிருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவித்தான் இறக்குகிறார்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு அதிலுள்ள தண்ணீர் அளவும் பொட்டாசியமும் சேர்த்து யோசிக்க வேண்டியது.

15. சித்தா மருந்தும் சேத்து எடுக்கேன். பக்க விளைவு இல்லாததுதான?

பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, அதனால் இங்கே இந்தக் கேள்வி தினமும் வரும். சித்த மருத்துவத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம், பவழ பற்பம் ஆகியவை சங்கு, சிப்பி, பவளத்திலிருந்து செய்யப்படுபவை. அவற்றின் அடிப்படைப் பொருள் கால்சியம். வயிற்றெரிச்சலுக்கும் இருமலுக்கும் வாங்கிச் சாப்பிடும்போது அது கால்சியம் மாத்திரையோடும் கால்சிட்ரியாலோடும் சேர்ந்துகொள்கிறது.

படித்த சித்த மருத்துவரிடம் கிரியேட்டினின் அளவைச் சொன்னால் அவரே மாற்றிக் கொடுப்பார். சிறுநீரக டாக்டரிடமும் பற்பத்தின் பெயரைச் சொல்லுங்கள். திட்டுவார் என்று மறைத்தால் ரிப்போர்ட்டைப் பார்த்து அவர் எடுக்கும் முடிவு தப்பாகிவிடும். பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் பொடியை மட்டும், யார் கொடுத்தாலும், கிட்னி நோயாளி வாங்கக்கூடாது.

16. விட்டமின் கே2 சாப்பிட்டா ரத்தக்குழாய்ல இருக்க கால்சியம் எலும்புக்குப் போயிரும்னு மகன் வெளிநாட்டுல இருந்து அனுப்பியிருக்கான்.

கருத்தில் தர்க்கம் இருக்கிறது. கேள்வி 5-ல் சொன்ன தடுப்புப் புரதங்களில் ஒன்று வேலை செய்ய வைட்டமின் கே வேண்டும். ஆனால் டயாலிசிஸ் நோயாளிகளில் செய்துபார்த்த சோதனைகளில் படிவு தெளிவாகக் குறைந்ததாகக் காட்டவில்லை. வார்ஃபரின், அசெனோகூமரால் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது, அந்த மாத்திரையின் வேலையையே இது கெடுத்துவிடும். மகன் அனுப்பிய டப்பாவை டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள். பலவற்றில் வைட்டமின் டி-யும் சேர்ந்திருக்கும்.

17. மத்த மாத்திரைகளோட இது சேருமா?

பெரும்பாலும் சேரும். நான் சீட்டில் தேடிப் பார்ப்பது நாலைந்துதான். குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரைகள் கால்சியத்தைச் சிறுநீரில் போகவிடாமல் பிடித்து வைக்கும். டிகாக்சின் என்ற இதய மருந்து எடுப்பவருக்குக் கால்சியம் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். வலிப்புக்கான ஃபெனிட்டாயின் வைட்டமின் டி-யைக் குறைக்கும். நெஞ்செரிச்சலுக்குக் கடையில் கேட்டு வாங்கும் திரவ மருந்துகளில் மக்னீசியமும் அலுமினியமும் இருக்கும், கிட்னி நோயாளிக்கு இரண்டும் உடம்பில் தங்கிவிடும்.

18. எனக்கு கிரியேட்டினின் 1.8 தான். 0.25 இப்பவே போட்டா பின்னால நல்லதுதான?

டயாலிசிஸுக்கு வராத நிலையில் கால்சிட்ரியால் வகை மருந்தை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம், நான்காம் ஐந்தாம் நிலையில் பிடிஹெச் கடுமையாக ஏறிக்கொண்டே போனால் மட்டும் கொடுக்கலாம் என்று கேடிகோ 2017-ல் தன் பரிந்துரையை மாற்றியது. கேள்வி 8-ல் சொன்ன பிரைமோ, ஓபெரா முடிவுகள்தான் அதற்குக் காரணம். உங்களுக்கு இப்போது வேண்டியது சேமிப்பு குறைவாக இருக்கிறதா என்று பார்த்து அதை நிரப்புவது. அதைவிட முக்கியம் பிரஷரும் சர்க்கரையும் கட்டுக்குள் இருப்பது, பீடி சிகரெட்டை விடுவது. ரத்தக்குழாயைக் காப்பதில் இவற்றுக்கு இருக்கும் ஆதாரத்தின் பக்கத்தில்கூட வைட்டமின் டி வராது.

19. எக்ஸ்-ரேல குழாய் வெள்ளையா தெரியுதாம். இனி கரையாதா?

படிந்ததைக் கரைக்கும் மருந்து என்று நிரூபணமான ஒன்று இன்று இல்லை. மேலும் படியும் வேகத்தைக் குறைக்கலாம். பாஸ்பரஸை இறக்குவது, கால்சியம் மாத்திரையைக் குறைப்பது, 0.25 அளவை மறுபடி பார்ப்பது, பிடிஹெச் அடங்கவில்லை என்றால் கால்சியத்தை ஏற்றாத சினாகால்செட் சேர்ப்பது, டயாலிசிஸ் திரவத்திலுள்ள கால்சிய அளவை மாற்றுவது என்று டாக்டர் கையில் பல வழிகள் இருக்கின்றன. டயாலிசிஸ் நேரத்தைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சாமல் முழு நேரமும் படுத்திருப்பது உங்கள் கையில் இருக்கிறது. தொடை, வயிற்றுத் தோலில் தாங்கமுடியாத வலியோடு கருநீலத் திட்டு வந்தால் காத்திருக்கக் கூடாது. அது அரிது, ஆனால் ஆபத்தானது.

20. நெஞ்சுல டிபி-ன்னு மருந்து ஓடுது. டயாலிசிஸும் உண்டு. விட்டமின் டி போட்டா டிபி சீக்கிரம் ஆறுமாமே?

இங்கே கூடுதல் கவனம் வேண்டும். டிபி கட்டிகளில் உள்ள செல்கள் சிறுநீரகத்தின் உதவியில்லாமல் தாங்களே கால்சிட்ரியாலை உண்டாக்கக்கூடியவை. உடம்பின் கட்டுப்பாட்டுக்கு அவை அடங்காது. அதனால் சிலருக்கு மருந்தே எடுக்காமல் கால்சியம் ஏறும். அதன்மேல் 60,000 போட்டால் அந்தச் செல்களுக்கு மூலப்பொருளை நாமே கொடுத்ததாகிவிடும். சிறுநீரக டாக்டர், டிபி டாக்டர் இருவருக்கும் மற்றவர் சீட்டைக் காட்டுங்கள்.

21. மாற்றுச் சிறுநீரகம் வச்சாச்சு. இனி இதெல்லாம் வேண்டாம்லா?

புதுச் சிறுநீரகம் வேலை செய்தால் கால்சிட்ரியால் மறுபடி உண்டாகும். ஆனால் வருஷக்கணக்கில் வீங்கிய பாராதைராய்டு சுரப்பி உடனே அடங்குவதில்லை. சிலருக்கு மாற்று அறுவைக்குப் பின் கால்சியம் ஏறி, பாஸ்பரஸ் இறங்கும், டயாலிசிஸ் காலத்துக்கு நேர் எதிராக. அப்போது பழைய கால்சியம் மாத்திரையையும் 0.25-ஐயும் வீட்டில் மிச்சமிருக்கிறதே என்று தொடர்ந்தால் புதுச் சிறுநீரகத்துக்கே கெடுதல். இன்னொரு பக்கம், ஸ்டீராய்டு எடுப்பதால் எலும்பு தேயும், தோல் புற்றுநோய் பயத்தால் வெயிலைத் தவிர்க்கச் சொல்வார்கள். அதனால் சேமிப்பு குறைந்து 60,000 தேவைப்படுகிறவர்களும் உண்டு. அறுவைக்கு முந்தைய சீட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வராதீர்கள். மாற்று அறுவைக்குப் பிறகு எழுதிய சீட்டைக் கொண்டு வாருங்கள், மிச்சமிருக்கும் பழைய அட்டைகளையும் கொண்டு வந்தால் எதை ஒதுக்குவது என்று பிரித்துத் தருகிறேன்.